சந்தனம் பூசிய ஹார்ட் டிஸ்க்

பதுளையில கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கிறவனுக்குப் புது மிஷின் சோறு போடும், பழைய ஹார்ட் டிஸ்க்தான் உசுரை வாங்கும். என்னை மாதிரி அகல ரிப்பன் ஒயரோட மல்லுக்கட்டுற அன்பர்களே, இது உங்களுக்குத்தான்.

குட்டித் தொப்பி

தெமோதரை வாத்தியார் ஒருத்தர் பழைய டிஸ்க் கொண்டு வந்தார். ரெண்டு வரிசை ஊசி, அகல ரிப்பன் போடுற ரகம். எந்தக் கடையிலயும் அது கம்ப்யூட்டர்ல தெரியவே இல்லையாம். செத்துப்போச்சுன்னு கையை விரிச்சுட்டாங்க. நான் பின்பக்கம் பார்த்தேன். ரெண்டு ஊசியைச் சேர்த்து மூடுற குட்டித் தொப்பி, 'ரெண்டாவது டிஸ்க்'னு சொல்ற இடத்துல உட்கார்ந்திருந்துச்சு. பிடுங்கி முதல் இடத்துல மாட்டினேன். உடனே வந்துருச்சு. எனக்குக் கால் தரையில நிக்கல. வாத்தியார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னார்:

"இதுக்கா தம்பி எல்லாரும் துக்கம் விசாரிச்சாங்க?"

பொட்டு வைக்க இடம்

ஸ்பிரிங்வெளி தோட்டத்து லெட்சுமி அக்கா வந்தது வேற கதை. அவங்க வீட்டுக்காரர் கணேசனும், அக்காவோட அண்ணன் ராஜேந்திரனும் தோட்டத்து வாலிபால் பைனல்ல எதிரெதிரா ஆடினவங்க. கணேசன் அடிச்ச கடைசிப் பந்து கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு சண்டை. அன்னைக்கிலிருந்து மச்சான் ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. இப்ப அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாம மணவறை எப்படி? மேட்ச் வீடியோ அக்கா கொண்டு வந்த இந்த டிஸ்க்ல மட்டும்தான் இருக்கு, அதைக் காட்டினா சண்டை தீரும்னு அவங்க நம்பிக்கை. அதைப் படம் பிடிச்ச ஸ்டூடியோக்காரர் கடையை மூடும்போது அக்காகிட்ட கொடுத்துட்டுப் போனது.

மாட்டினேன். சுத்துது, ஆனா தெரியல. ஒயரை மாத்தினேன், தொப்பியை மாத்தினேன், ம்ஹூம். அப்புறம் டார்ச் அடிச்சுப் பார்த்தா, ஊசிகளுக்கு நடுவுல மஞ்சளா ஏதோ காறை கட்டியிருக்கு. மோந்து பார்த்தேன். சந்தனம்! ஆயுத பூசை தவறாம, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட இதையும் சாமி தட்டுல வச்சுப் பூசியிருக்காங்க. எனக்கு வந்த கோவத்துக்கு, ஏன்க்கா, சந்தனம் வைக்க வேற எடமே கிடைக்கலையான்னு கேட்டேன். அக்கா அசரவே இல்ல:

"பல்லு பல்லா இருந்துச்சு தம்பி, அதுதான் மூஞ்சின்னு நினைச்சேன்."

கடைசிப் பந்து

பழைய டூத் பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட். ஒவ்வொரு ஊசியா விளக்கினேன். (நடுவுல ஒரு ஊசி இல்லாதது பிறவிக் குணம், அதைத் தேடி அலையாதீங்க.) வளைஞ்சதை நிமித்தி, காய வச்சு மாட்டினா, வீடியோ வந்து நிக்குது! கடைக்குள்ள நான் ஒரு சுத்து ஆடியே போட்டேன்.

அக்கா ரெண்டு மச்சானையும் இழுத்துட்டு வந்தாங்க. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு நின்னாங்க. திரையில இடைவேளை. ரெண்டு பேரும் ஒரே சோடா போத்தலை மாத்தி மாத்திக் குடிக்கிறாங்க. அப்புறம் கடைசிப் பந்து. கணேசன் எம்பி அடிக்கிறார், பந்து கோட்டுப் பக்கம் போகுது, அந்த நேரம் பார்த்து ஸ்டூடியோக்காரர் கேமராவைத் திருப்பி, தோட்டத்து மேனேஜர் பெரிய தொரை கைதட்டுறதைப் பிடிச்சிருக்கார்!

எனக்கு இத்தனை பாடும் வீணான்னு அக்கா முகத்தைப் பார்க்க முடியல. முதல்ல கணேசனுக்குத்தான் சிரிப்பு வந்துச்சு. அடக்கப் பார்த்தார், முடியல. ராஜேந்திரன் அண்ணன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு அவர் தோள்ல கையைப் போட்டார்:

"பந்து எங்கயாவது போய்த் தொலையட்டும் மச்சான், மாமன் சீரு எத்தனை தட்டுல வரணும்னு சொல்லு."

ஆக, ஊசியை விளக்கினா டிஸ்க் பேசும் அன்பர்களே, மச்சான்மார் பேசுறதுக்குத் தொரைதான் குறுக்க வரணும்.