சாம்பலியின் பெரிய மொண்டு

பூரணிக்குப் பொழுது விடிந்தால் இருபத்தேழு பிள்ளைகள். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பரா ஆயா அவள். தாய்மார் கொழுந்தெடுக்க மலையேறியதும் பால் காய்ச்ச வேண்டும், தொட்டில் ஆட்ட வேண்டும், நடக்கத் தெரிந்ததுகள் அடுப்புப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் மொண்டுக் கதை.

ரஷ்யாக்காரன் வானத்தில் எதையோ சுற்றவிட்டிருக்கிறான் என்று தோட்டமே அண்ணாந்து பார்த்த வருஷம் அது. "அதுக்கும் மேல சாம்பலின்னு ஒரு உலகம் இருக்கு," என்றாள் பூரணி. அங்கே தேரை மாதிரி ஜீவன்கள். மொண்டு என்று பெயர். மூன்று கண். முதுகெல்லாம் தண்ணீர் மூட்டை. சாம்பலியில் மழையே கிடையாது. அதனால் பெரிய மொண்டு சின்னதுகளின் முதுகில் ஏறி மிதிக்கும், பீறிட்டு வருவதைக் குடிக்கும். "அழுதா இன்னொரு மிதி" என்று உறுமும். ஒருநாள் சின்னதுகள் எல்லாம் சேர்ந்து மூச்சைப் பிடித்து உப்பின. மேலே ஏறியது வழுக்கி விழுந்து, வயிறு கிழிந்து செத்தது.

பிள்ளைகள் அதையே விளையாட்டாக்கிக்கொண்டார்கள்.

ஒரு முற்பகல் பெரிய கங்காணி அழகுமுத்து அந்த வழியாக வந்தார். கொழுந்தெடுக்கும் மீனம்மாவின் நாலு வயது மகள், தோளில் சாக்கும் கையில் குச்சியுமாக, "அழுதா இன்னொரு மிதி!" என்று கத்திக்கொண்டிருந்தாள். கங்காணிக்குக் கறுப்புக் கோட்டும் பிரம்பும் உண்டு. போன கிழமைதான், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு கிழவரை உதைத்திருந்தார்.

"யாரடி நக்கல் பண்றீங்க?"

பிரம்பு பிள்ளையின் வாயில் விழுந்தது. இரண்டு பல் ரத்தத்தோடு மண்ணில் கிடந்தன.

பூரணி ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். "பச்சப்புள்ளைங்கய்யா! வெறுங் கதைங்க!"

"நீதானா சொல்லிக்குடுத்தவ?"

அடுத்த அடி அவள் கையில். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவளின் முதுகில் சப்பாத்துக் காலால் மிதித்தார். ஒன்று. இரண்டு. அவள் உருண்டு, வாசற்படி தாண்டி உள்ளே அடுப்புப் பக்கம் தவழ்ந்தாள். பின்னாலேயே வந்தவரின் முகத்தில், நல்ல கையால் கொதிக்கிற பால் சட்டியை வீசினாள்.

கங்காணியின் அலறல் மலைக்குக் கேட்டது. பெண்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். மகளின் வாயைப் பார்த்த மீனம்மா விறகுக் கட்டையை எடுத்தாள். நாலு பேர் இழுத்த பிறகுதான் விட்டாள்.

மறுநாள் தோட்டத்தை நடத்தும் துரையின் ஆபீசில் விசாரணை. பூரணியின் புருஷன் வீரய்யாவையும் அழைத்திருந்தார்கள்.

"அந்தப் பெரிய மொண்டு நான்தான்னு தோட்டமே சிரிக்குதுங்க தொரை," என்றார் கங்காணி, முகத்துக் கட்டுக்குள்ளிருந்து.

"நீங்க இல்லீங்க," என்றாள் பூரணி. வீரய்யா பக்கம் திரும்பினாள். "அழுதா இன்னொரு மிதின்னு சொல்றது இந்த ஆளு. பதினொரு வருஷமா."

துரைக்கு முன்னாலேயே வீரய்யா அவள் மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். காவல்காரன்தான் பிரித்துவிட்டான்.

பொலிசுக்குப் போனால் பிள்ளையின் பல்லும் பேசப்படும் என்று துரை விஷயத்தை அமுக்கினார். கங்காணிக்கு ஒரு கண் போனது, பதவி போகவில்லை. பூரணிக்கும் மீனம்மாவுக்கும் வேலை போனது.

பூரணி தலவாக்கலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மா ஆட்டினாள். கை கோணலாகத்தான் கூடியிருந்தது. வீரய்யா ஒருமுறை வந்து அவளைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்தான். மறுமுறை வந்தபோது அவள் அம்மிக் குழவியோடு வாசலில் நின்றாள்.

"வா," என்றாள்.

குழவியைப் பார்த்தவன் திரும்பி நடந்து, லிந்துலை பஸ்ஸில் ஏறிப் போனான்.