கோணல் பாக்கெட்

பெரிய காஞ்சிபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் ஒரு ரெடிமேட் கடை. வாசலில் தலையில்லாத பொம்மை ஒன்று, நீலமும் சிவப்புமாய்ப் பெரிய கட்டம் போட்ட சட்டையுடன் நின்றது. நானும் பக்கத்தில் நின்றேன். எங்கள் இருவரில் அதற்குத்தான் களை அதிகம்.

"உள்ள வந்து பாருங்கண்ணா, பாக்கறதுக்குக் காசு இல்ல" என்றாள் கடைப் பெண். மழைக்கு ஒதுங்கியவனை இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டால் என்ன செய்வது? போனேன். புதுத்துணியின் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. பஸ் மறந்துபோயிற்று.

அந்த வாசனை எனக்குக் கிறிஸ்துமஸ். அப்பா செங்கல் சூளையில் வேலை செய்தவர். எனக்கும் எபி அண்ணனுக்கும் ஒரே துணியில்தான் சட்டை எடுப்பார். சேர்த்து வெட்டினால் துணி மிச்சமாகுமாம். மீசை வந்த பிறகும் அதே வழக்கம்தான். சர்ச்சில் நாங்கள் இருவரும் நிற்பதைப் பார்த்தால் பேண்டு வாசிக்க வந்தவர்கள் போல இருக்கும்.

அந்த வருஷம் நீலச்சிவப்புக் கட்டம். கட்டத்துணியில் ஒரு தொல்லை உண்டு. பாக்கெட்டின் கோடு சட்டையின் கோட்டின் மேல் சரியாக உட்கார வேண்டும், அதற்குத் துணி கூடுதலாகச் செலவாகும். தையல்காரர் ஒரு சட்டைக்குக் கோடு சேர்த்துவிட்டார். மற்றதற்குத் துணி போதவில்லை. மிஞ்சிய துண்டைக் குறுக்கே வெட்டி வைத்துத் தைத்துவிட்டார். பாக்கெட்டில் மட்டும் கட்டம் சாய்ந்து நின்றது. எபி அந்தச் சட்டையைத் தனக்கு எடுத்துக்கொண்டான்.

"உன் பாக்கெட்டு குடிச்சிருக்குதுண்ணா" என்றேன்.

"அதாவது குடிச்சிட்டுப் போவட்டும்டா. நம்ம வம்சத்துல எவனாவது ஒருத்தன் குடிக்கணுமில்ல."

எபிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் முக்குவான். எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்குத் தெரிந்த பாதி விஷயங்கள் அவன் சொன்னவை. "நெடுக்க ஓடற பாவுல ஒரு கலரு, குறுக்க ஓடற ஊடையில ஒரு கலரு. ரெண்டும் சந்திக்கிற எடத்துல மூணாவதா ஒண்ணு வருது பாரு, அத எவனும் முக்கல" என்பான், தானே கண்டுபிடித்தவன் போல. அவன் நகங்களில் எப்போதும் ஊதா அப்பியிருக்கும்.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், "டீ குடிச்சிட்டு வரேம்மா" என்று அந்தச் சட்டையோடு போனான். வரவில்லை. சண்டை இல்லை, காதல் இல்லை, கடிதமும் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

போலீஸ் ஸ்டேஷனில் அடையாளம் கேட்டார்கள். நகத்தில் சாயம் என்றேன். "அது பத்து நாள்ல போயிடும்பா. வேற?" கட்டம் போட்ட சட்டை என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். "இந்த ரூமுக்குள்ளயே மூணு கட்டம் நிக்குது, பாரு." எண்ணிப் பார்த்தேன். என்னையும் சேர்த்து மூன்று.

வீட்டில் இருந்த ஒரே போட்டோவில் எபிக்குப் பன்னிரண்டு வயது. அதைக் காட்டிப் பயனில்லை. அதனால் என் சட்டையைப் போட்டுக்கொண்டு தேடக் கிளம்பினேன். "இதே சட்டை, பாக்கெட்டு மட்டும் கோணல்" என்று ஊர் ஊராகக் கேட்டேன். மாகறலில் கோயில் வாசலில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த பொங்கலைத் தின்றுவிட்டு, எல்லோரையும் கேட்டேன். யாரும் பார்த்திருக்கவில்லை. பத்து நாள் கழித்துத் தாமல் ஏரிக்கரையில் மீன் விற்ற ஓர் அம்மா என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள்.

"இதே சட்டதான்பா. மக ஊட்டுக்கு மாகறல் போயிருந்தேன். கோயிலாண்ட குந்திக்கினு பொங்கல் துன்னுக்கினு இருந்தான்."

"பாக்கெட்டு கோணலா இருந்துச்சாம்மா?"

"நான் பாத்தது முதுக. முதுகுல ஏதுப்பா பாக்கெட்டு?"

நான் மாகறலிலிருந்து வந்த பிறகு அவன் அங்கே போயிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். படுத்தே கிடந்தவள் எழுந்து தலை குளித்தாள். அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து, சோறும் குழம்புமாகத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டாள். பஸ் ஏறினோம். வழி நெடுகிலும் வாளியை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டே வந்தாள், ஆறிவிடக்கூடாதாம்.

மாகறலில் பூக்கட்டுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் அன்னிக்கே வந்தியேபா. இதே எடத்துல குந்தி, பொங்கல் துன்னுட்டு, அண்ணனப் பாத்தீங்களான்னு கேட்டியே. இந்த சட்டையில உன்னத் தவிர யாரும் வரல."

அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு சட்டையைப் பார்த்தாள்.

"அப்ப அது நீதானா?"

திரும்பும்போது பஸ்ஸில் என் சட்டைக் கையைப் பிடித்தபடியே வந்தாள். ராத்திரி அந்தக் குழம்பை எனக்கு ஊற்றினாள். தின்றேன். பசி.

மறுநாள் சட்டையைத் துவைத்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள். பல வருஷம் கழித்து அவளைச் சவப்பெட்டியில் கிடத்தியபோது, தலைக்கு அதைத்தான் மடித்து வைத்தேன். அவளுக்கு முன்பே அப்பா போய்ச் சேர்ந்திருந்தார்.

நான் ஊரில் நிற்கவில்லை. பெங்களூரில் ஓட்டலில் தட்டு கழுவினேன். லாரியில் கிளீனராக ஆந்திரா முழுக்கச் சுற்றினேன். சட்டை தேய்க்கும் வேலையும் பார்த்தேன். தேடப் போகிறேன் என்றுதான் முதலில் கிளம்பினேன். தேடுவது நின்ற பிறகும் சுற்றுவது நிற்கவில்லை. கட்டம் போட்ட முதுகுகளில் எத்தனையின் தோளைத் தட்டியிருப்பேன். திரும்பியவர்களில் ஒருவர் அறைந்தார். ஒருவர் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

நீங்களே சொல்லுங்கள், பெல்பாட்டம் போயிற்று, சஃபாரி போயிற்று, பெரிய காலர் போயிற்று. கட்டம் மட்டும் போகவே இல்லை. கொத்தனாரும் போடுகிறார், இன்ஜினியரும் போடுகிறார். அழுக்கைத் தாங்கும், யாருக்கும் பொருந்தும். கைலியிலும் கட்டம்தான். பட்டுக்கடையில் கல்யாணப் பெண்களும் 'பாலும் பழமும்' கட்டம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ஊருக்கெல்லாம் அது நல்ல விஷயம். எபி பூப்போட்ட சட்டையில் போயிருந்தால், அந்த மாடல் இரண்டு வருஷத்தில் செத்திருக்கும். அம்மாவின் கழுத்துக்கும் ஓய்வு கிடைத்திருக்கும். கடைசிவரை, எங்கே கட்டத்தைக் கண்டாலும் அது தானாகத் திரும்பியது.

எனக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கோணல் பாக்கெட் ஒன்றுதான். முகம் மாறியிருக்கும், நகத்துச் சாயம் போயிருக்கும். ஆனால் அப்படி ஒரு பாக்கெட் உலகத்தில் ஒருவனிடம்தான் உண்டு. சட்டை இத்தனை வருஷம் கிழியாமல் இருக்குமா என்று கேட்காதீர்கள். நானும் கேட்டுக்கொண்டதில்லை.

கடைப் பெண் பொம்மை போட்டிருந்த அதே கட்டத்தில் வேறொரு மாடல் சட்டையை எடுத்து மேஜையில் விரித்தாள். நீலம், சிவப்பு. பாக்கெட்டில் மட்டும் கட்டம் சாய்ந்து நின்றது. கை தானாக அதன் மேல் போயிற்று.

"இது கோணலா இருக்குதேம்மா" என்றேன்.

"கோணல் இல்லண்ணா, கிராஸ் பாக்கெட்டு. இப்ப இதான் டிசைனு. எல்லாப் பசங்களும் இதத்தான் கேக்கறாங்க." பின்னாலிருந்த அலமாரியைக் காட்டினாள். அடுக்கடுக்காக இருந்தன. எல்லாம் கோணல்.

சட்டையை என் பக்கம் நகர்த்தி, "உங்களுக்காண்ணா?" என்றாள்.

"அண்ணனுக்கு" என்று வாயில் வந்துவிட்டது.

"அவரு என்ன சைஸு?"

போனபோது ஒல்லியாக இருந்தான். இப்போது இருந்தால் ஐம்பதைத் தாண்டியிருப்பான். வயிறு போட்டிருக்குமா, வற்றியிருப்பானா? அவள் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியே மழை விட்டிருந்தது.

"தெரியலம்மா" என்றேன்.