சாதிக்காய்த் தோட்டத்தில் இலை ஊதும் மெசின்

எங்களுக்குக் கண்டிக்குக் கிட்ட கட்டுகஸ்தோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு சாதிக்காய்த் தோட்டம் இருக்கிறது. உதிர்ந்த காய் இலைக்குள் மறைந்துவிடும் என்பதால், டிரக்டருக்குப் பின்னால் பூட்டி இலையை ஊதித் தள்ளும் மெசின் ஒன்றை மகன் பழையதாக வாங்கிவந்தான். அது ஒரு பக்கம் காற்றை இழுத்து மறுபக்கம் ஊதும். இழுக்கிற வாயில் கம்பி வலை இருந்தது. இலை அடைக்கிறது என்று அதைக் கழற்றி வைத்தான்.

நான் தேயிலை மலையில் கொழுந்து பறித்தவள். அங்கே போல, ஈரம் படாமல் இருக்க இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பான படங்கைச் சுற்றிக் கட்டாமல் தோட்டத்தில் இறங்கமாட்டேன். அன்றும் கட்டிக்கொண்டு, மெசினுக்குப் பக்கத்தில் காய் பொறுக்கினேன்.

"அம்மா, தள்ளி நில்லுங்க!"

"சிறுத்தையவே பக்கத்துல பாத்தவடா நான். இந்தக் காத்துக்கா ஓடுவேன்? நீ ஓட்டு!"

சொல்லி வாய் மூடவில்லை, படங்கின் நுனியை மெசின் இழுத்தது. அதோடு நானும் போனேன். கை அந்த வாய்க்குக் கிட்டப் போகும்போது இடுப்புக் கட்டு அறுந்து கீழே விழுந்தேன். படங்கு உள்ளே போய் நார்நாராக வந்தது. அன்று கயிறு அகப்படாமல் பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருந்தேன். கயிறாக இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

மகன் எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். "அடி பட்டிருச்சாம்மா?"

"மொதல்ல வலைய மாட்டு" என்றேன்.

இப்போது டிரக்டர் சாவி என் முந்தானை முடிச்சில் இருக்கிறது. வலையைத் தொட்டுப் பார்த்த பிறகே கொடுப்பேன். மெசின் ஓடி முடியும்வரை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன். சத்தம் நின்ற பிறகுதான் புதுப் படங்கைக் கட்டுவேன், அதுவும் சேலைக் கிழிசலால்.