வெறும் லொறியில் எடுத்த அளவு

அளவு நாடாவின் நுனியை நிலத்தில் அழுத்திப் பிடித்தபடி அத்தான் குந்தியிருந்தது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் என் அக்காவின் கணவர். முப்பது வருடம் பிறருடைய லொறிகளை ஓட்டிவிட்டு, சொந்தமாக ஒரு பழைய ஜப்பான் லொறியும் வேறோர் இடத்தில் ஒரு ட்ரெயிலரும் வாங்கியிருந்தார். இரண்டுக்கும் பொருத்தமில்லை. லொறியின் பின்னாலுள்ள கொளுக்கி உயரத்தில் நின்றது, ட்ரெயிலரின் இழுவைத் தண்டு பதிவாக நின்றது. கொளுக்கியை வெட்டி இறக்கி ஒட்டவேண்டும். கொடிகாமம் வீதியில் இரும்பு வெல்டிங் செய்யும் ஒட்டுப்பட்டறை வைத்திருந்தவன் நான். வேறு யாரிடம் போவார்?

அது ஒரு வெள்ளிக்கிழமை காலை. லொறியில் ட்ரெயிலரை முதன்முதலாகக் கொளுவுவதை நல்ல நேரத்தில் செய்து, பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்து, சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து எடுக்கவேண்டும் என்று நாள் பார்த்தவனும் நானே. அத்தானுக்கு அவசரமே இல்லை. "மச்சான், வெறும் லொறியிலை அளக்காதை. பாரம் ஏத்தினால் பின்பக்கம் குந்தும். மத்தியானம் கல்லு ஏத்திக்கொண்டு வாறன், அப்ப அளப்பம்" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. தொழில்காரனுக்கே தொழில் சொல்கிறாரே! "பத்தரைக்கு ராகுகாலம் துவங்குது அத்தான். நான் ஒட்டினால் ஒட்டினதுதான், நீங்கள் நாடாவைப் பிடியுங்கோ" என்றேன். பிடித்தார். பத்து மணிக்கு வேலை முடிந்தது. வெறும் லொறியில் கொளுக்கியும் தண்டும் நூல் பிடித்தாற்போல் நேராக நின்றன. எனக்கு அப்படியொரு பெருமை.

கருங்கல் ஏற்றியதும் லொறியின் பின்பக்கம் நாலு விரற்கடை இறங்கியிருக்கிறது. கொளுக்கியும் கூடவே இறங்கிவிட்டது. ட்ரெயிலர் முன்னுக்குச் சரிந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் தன் பாரத்தை என்னுடைய ஒட்டில் போட்டு இடித்திருக்கிறது. இரண்டு கிழமை கூடத் தாங்கவில்லை. ஒரு வளைவில் ஒட்டுப் பிளந்து, காவலுக்குப் போட்ட சங்கிலியும் அறுந்து, ட்ரெயிலர் தன்பாட்டில் வீதிக்கரைக்குப் பாய்ந்தது. கொடிகாமம் சந்தைக்கு வாழைக்குலை கட்டிக்கொண்டு சைக்கிளில் போன ஒரு மனிதர் அதற்குள் அகப்பட்டுப் போனார். நான் ஓடிப் போனபோது அவரைச் சாக்கால் மூடியிருந்தார்கள். பிளந்த இடத்தில் இரும்பு புதிதாக மினுங்கியது. பார்த்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

பொலிஸ்காரர் அந்த ஒட்டைத் தடவிப் பார்த்து, "இது ஆர் செய்த வேலை?" என்று கேட்டார். அத்தான் என் பக்கம் திரும்பவேயில்லை. "நான்தான் ஐயா. நானே ஒட்டினனான்" என்றார். இரண்டு எட்டுத் தூரத்தில் நின்றேன். வாயைத் திறக்க எவ்வளவு நேரமாகும்? திறக்கவில்லை. மறியலில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தபோதும் அவரே முந்திக்கொண்டு, "உனக்கு ரெண்டு குமர்ப்பிள்ளையள் இருக்கு. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. இதைப் பற்றி இனிக் கதையாதை" என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. வெட்கம் கெட்டவன், அப்படித்தான் இருந்தது.

வெளியே வந்தபின் அவர் லொறியில் ஏறவில்லை. ஒருநாள் கொடிகாமம் சந்தையில் நானும் அவரும் தேங்காய் பார்த்துக்கொண்டு நின்றோம். செத்தவரின் மனைவி எங்களைக் கண்டுவிட்டாள். மண்ணை அள்ளி அத்தானின் முகத்தில் எறிந்து, "கொலைகாரா, நீ நாசமாய்ப் போவாய்!" என்று குழறினாள். சந்தையே திரும்பிப் பார்த்தது. அவர் கண்ணில் விழுந்த மண்ணைக்கூடத் துடைக்காமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்த மண் என் முகத்தில் விழவேண்டியது. நான் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்தேன்.

போன மாதம் அத்தான் போய்விட்டார். நெஞ்சுவலி, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவே நேரம் இருக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து சனம் கலைந்தபிறகு, குசினி வாசலில் அக்காவின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். அவள் அழவில்லை. கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவருக்கு ஒட்டுற மிசினைப் பிடிக்கவே தெரியாது, தம்பி. எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். "நீ எப்ப வாய் திறப்பாய் எண்டு அவர் சாகுமட்டும் பாத்துக்கொண்டிருந்தனான். இப்ப எனக்குச் சொல்லி என்ன? அந்தச் சைக்கிள்காரன்ரை மனிசி இண்டைக்கும் அவரைத்தான் திட்டுறாள். அவளிட்டைப் போய்ச் சொல்லு."

ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தப் பெண் இப்போதும் சந்தையில் வாழைக்குலை விற்கிறாள். என் பட்டறையிலிருந்து நடந்தே போகலாம். இன்னும் போகவில்லை.