சவரி தொட்ட பத்தடி

சென்ற வாரம் சவரிமுத்துவின் முப்பதாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து கோயில் வளாகத்தில் எல்லோருக்கும் காபி கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் மடியிலிருந்து புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். அந்த வாசனை வந்ததுதான் தாமதம், என் தோழி பிலோமினா முழங்கையால் இடித்தாள். "ஏண்டி, சவரி வந்துட்டாருடி!" துக்கத்துக்கு வந்த இடம் என்பதையும் மறந்து இரண்டு கிழவிகளும் சிரித்துவிட்டோம்.

உங்களுக்கு அவரைத் தெரிந்திருக்க நியாயமில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் சவரியைத் தெரியாது என்று சொன்னால், ஆள் வெளியூர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்படி ஒரு கூடைப்பந்து வீரர். பகலில் புகையிலைக் கிட்டங்கியில் எடை போடுவார். சாயங்காலம் மைதானத்துக்கு ஆள் வந்து சேருமுன் வாசனை வந்துவிடும். இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது புகையிலை போட்டால் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு விசில் சத்தம் கேட்கிறது.

நாங்கள் இருவரும் அப்போதுதான் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தோம். பிலோமினா தையல் டீச்சர், நான் கணக்கு டீச்சர். குடையும் கையுமாகப் போய் முன்வரிசையில் இடம் பிடிப்போம். ஆட்ட விதியெல்லாம் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. பந்து வளையத்துக்குள் விழுந்தால் "கோல்!" என்று கத்துவேன். சுற்றி நிற்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அது மண் தரை. தாவித் தாவி வளையத்துக்குக் கீழே குழி விழுந்துவிடும். பொங்கல் ஆட்டத்துக்கு முன் அதை மூடுவது ரசிகர்கள் எங்கள் வேலை. வண்டிக்காரர் கருப்பையா ஆத்தூர்ப் பக்கமிருந்து செம்மண் கொண்டுவருவார். குழிக்குத் தேவை நாலு கூடை மண். நாங்கள் பாசத்தில் வண்டியோடு கொட்டுவோம். "நம்ம ஆளு காலு நோகக் கூடாதுல்ல" என்பார் கருப்பையா. தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்கிவிடுவோம்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் சவரியின் தாவலும் உயர்ந்துகொண்டே போனது. முதல் வருஷம் விரல் நுனி வளையத்தைத் தொட்டது. அடுத்த வருஷம் முழு விரல். அதற்கடுத்து உள்ளங்கை. "வயசு ஏற ஏற அம்புட்டு உசரம் தாவுறாருய்யா மனுசன்!" என்று ஊரே பூரித்தது. நானும் பூரித்தேன். மண் ஏறினால் வளையம் தாழும் என்பதை என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். கணக்கு டீச்சருக்குத் தோன்றவில்லை.

ஒரு பொங்கலுக்கு மதுரை அணி வந்தது. நடுவர் வளையத்தை அண்ணாந்து பார்த்தார், தரையைப் பார்த்தார். "அளக்கணும். டேப் இருக்கா?" என்றார். பிலோமினா பெருமையோடு பையிலிருந்து தையல் டேப்பை எடுத்து நீட்டினாள். அது அஞ்சடி டேப். வளையம் பத்தடி உயரத்தில் இருக்க வேண்டும். ஒருவர் ஏணியில் ஏறி வளைய மட்டத்திலிருந்து டேப்பை இறக்கினார். அது முடிந்த இடத்தில் கம்பத்தில் சுண்ணாம்பால் குறி வைத்து, அங்கிருந்து மறுபடி இறக்கினார். டேப்பின் வால் ஒரு சாண் நீளத்துக்குத் தரையில் மடங்கிக் கிடந்தது. குனிந்து பார்த்த பிலோமினாவின் முகம் வெளுத்துப்போனது.

"எவ்வளவும்மா?"

"முக்கா அடி கொறையுது, சார்."

"ஏன் டீச்சர், செத்த இழுத்துப் புடிச்சிருந்தா என்னா?" என்று அலறினார் கருப்பையா. "ஓகோ, மேட்டுல ஏறி நின்னுதான் ஒங்காளு தொட்டாராக்கும்!" என்று மதுரைக்காரர்கள் சிரித்தார்கள். சவரி தலைகுனிந்து நின்றார். பாவம், அவருக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் பாசமே அவர் பேரைக் கெடுத்துவிட்டது.

சவரி நிமிர்ந்தார். "வெட்டுங்க. பத்தடி வார வரைக்கும் வெட்டுங்க."

கருப்பையாதான் முதல் மண்வெட்டியைப் பிடித்தார். புதுச் சேலையோடு நானும் மண் சுமந்தேன். பிலோமினா டேப்போடு நின்று, "இங்கிட்டு இன்னும் ரெண்டு இஞ்ச்" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் வெட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

ஆட்டம் தொடங்கியது. சவரி தாவினார், கை எட்டவில்லை. மறுபடி தாவினார், பந்து விளிம்பில் பட்டுத் தெறித்தது. "என்னாலதாண்டி எல்லாம்" என்று பிலோமினா குடைக்குள் அழுதாள். ஆட்டம் முடியப்போகும் நேரம், பாதி மைதானத்திலிருந்து ஓடி வந்து எழும்பினார் பாருங்கள்! விரல் நுனிகள் பட்டு வளையம் அதிர்ந்தது. பந்து உள்ளே விழுந்தது. நான் "கோல்!" என்று கத்தினேன். அன்றைக்கு யாரும் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, மைதானமே "கோல்!" என்று கத்தியது.

ஒரு கூடை வித்தியாசத்தில் தோற்றுப்போனோம். அதை யார் கவனித்தார்கள்? சவரியைத் தோளில் தூக்கி மைதானத்தைச் சுற்றி வந்தோம். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மதுரைக்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

அந்த மைதானத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. கருப்பையா போய்ப் பல வருஷமாகிறது. சவரி தாவுவதை ஒரு படமாவது எடுத்து வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பூசை அன்று, காபி டம்ளரை வாங்க வந்த அவருடைய பேரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "பாட்டி, தாத்தா வளையத்தத் தொடுவாருன்னு ஊர்ல சொல்றாங்க. நெசமா, இல்ல சும்மா சொல்றாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிலோமினா முந்திக்கொண்டாள்.

"தொட்டாரு, அப்பு. பத்தடி. நான் அளந்தேன்."