தலைகீழ் ஊமத்தை

பிறர் வீட்டு மதிலை எட்டிப் பார்ப்பது பெண்பிள்ளைக்கு அழகில்லை என்று அம்மா திட்டும்போதெல்லாம், “அத்தை மட்டும் பாக்குதே?” என்பேன். அப்பாவின் தங்கையான என் அத்தை, புதுச்சேரியின் கடலோரத் தெருக்கள் அத்தனையிலும் மதில் மதிலாக நின்று எட்டிப் பார்த்தவள். மனிதர்களை அல்ல, ஒரு பூவை.

அந்தப் பூவுக்கு எங்கள் தெருவில் ஒழுங்கான பெயர்கூட இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் த்ரோம்பெத், அதாவது ஊதுகொம்பு, என்றார்கள். நாங்கள் வெள்ளைக்கார ஊமத்தை என்றோம். நம் ஊமத்தை வேலியோரம் முழங்கால் உயரத்தில் நின்று வானத்தைப் பார்க்கும். இதுவோ ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்து, சாணுக்கும் அதிகமான நீளத்தில் பூவைத் தலைகீழாகத் தொங்கவிடும். சாயங்காலமானால் வாசம் தெருக்கோடி வரை வரும். விஷச்செடி. எங்கள் கொல்லையில் நின்ற செடியின் நிழலில் நான் போய் வந்தாலே இரண்டு கையையும் சாம்பல் போட்டுக் கழுவ வைப்பாள் அம்மா.

அத்தை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிரெவே பரீட்சை வரை தேறியவள். படித்த படிப்பை என்ன செய்வதென்று யாரும் சொல்லாததால் இந்தப் பூவின் பக்கம் திருப்பிவிட்டாள் என்று நினைக்கிறேன். தையல் வகுப்புக்குப் போகும் வழியில் எந்த வீட்டில் செடி தெரிந்தாலும் நின்றுவிடுவாள். பூ எத்தனை அங்குலம், ஓரத்து நுனிகள் எத்தனை, நேராகத் தொங்குகிறதா சாய்ந்து தொங்குகிறதா, இலையில் ரோமம் உண்டா, எல்லாம் ஒரு நோட்டில் ஏறும். துணி அளக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிரெஞ்சுக்கார மதாம்களின் வீட்டுக் கதவைத் தட்டி, “பொன்ழூர் மதாம்” என்று உள்ளே போய் அளந்துவிட்டு வருகிற தைரியம் அவளுக்கு இருந்தது. பதினாலு வீடு அளந்த பிறகு ஒருநாள் நோட்டை மூடி வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள்:

“எல்லாம் ஒரே செடி அண்ணி. ஒரு செடிய ஒடிச்சி ஒடிச்சி ஊரு பூரா நட்டு வச்சிருக்காங்க. அதான் ஒண்ணும் காய்க்க மாட்டேங்குது. வேற ஜாதிப் பூவோட மகரந்தம் வந்தாத்தான் இது காய் புடிக்கும்.”

“காய்ச்சா என்ன, கொழம்பா வைக்கப் போற?” என்றாள் அம்மா.

அத்தைக்கு விதை வேண்டும். விதை முளைத்தால் இதுவரை யாரும் பார்க்காத ஒரு பூ பூக்கும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், ஆனால் அதை அவள் சொல்லும்போது கண் அப்படி மின்னும். இருந்த பூக்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தாள். பத்து நாளில் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். மறுபடி சேர்ப்பாள். மறுபடி உதிரும். இதற்குள் காரைக்காலில் மாப்பிள்ளை பார்த்துத் தை மாதத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாடி வீடாம், கீழே அரிசி மண்டியாம், ஒரு பிடி மண் கிடையாதாம். ஆகவே காய் பிடித்தால் இந்த வருஷம் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை. வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும், பொருட்படுத்தியவள் அவள் ஒருத்திதான்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய பிறகு பிரெஞ்சுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்தன. ஆனி மாதம் ஒரு கிழட்டு மதாம் புறப்படும்போது, உள்முற்றத்தில் தொட்டியில் வைத்திருந்த செடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்து அத்தையிடம் கொடுத்தாள். மதிலுக்கு வெளியே தெரியாத பதினைந்தாவது செடி! முதல் நாள் வெள்ளையாகத் திறந்து மறுநாள் சிவக்கிற ஜாதி. தொட்டி வேறு யாருக்கோ போய் வழியில் உடைந்ததாகக் கேள்வி. கிளையை அத்தை கொல்லையில் வாளித் தண்ணீரில் நிறுத்தினாள். வெயிலில் இலையெல்லாம் துவண்டது. இருந்த ஒரே மொட்டு மட்டும் பிடிவாதமாகப் பெருத்து, ஒரு சாயங்காலம் திறந்தது.

எங்கள் செடியின் மொட்டுகள் மறுநாள்தான் திறக்கும் நிலையில் இருந்தன. அத்தை மறுநாள் காலையிலேயே மூன்று மொட்டுகளைக் கீறி, உள்ளேயிருந்த மகரந்தத் தாள்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, வேறு மகரந்தம் நுழையாதபடி வாயை நூலால் கட்டினாள். மதாம் கொடுத்த பூவைக் காட்டி என்னிடம், “இத யாரும் தொடக்கூடாது. நான் தையல் வகுப்பு முடிஞ்சி அஞ்சு மணிக்கு வந்துருவேன்” என்றாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. காவல் வேலை பிடித்துத்தான் இருந்தது.

அன்றைக்குப் பிரதோஷம். நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொல்லைப் படலைத் திறந்துகொண்டு வந்தாள். “ஊமத்தம்பூ ஒண்ணு குடுடி கண்ணு, சாமிக்கு” என்றாள். அம்மா உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சாமிக்கென்று பூ கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது எங்கள் வீட்டில் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்ட சட்டம். எங்கள் செடியிலோ பூவில்லை, நூல் கட்டிய மொட்டுகள்தான். மீதி இருந்தது வாளியில் இருந்த ஒன்று. அத்தை பெரியவளா, சிவன் பெரியவரா என்று யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். அத்தை அஞ்சு மணிக்குத்தான் வருவாள், சிவன் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பார். கிள்ளிக் கொடுத்துவிட்டேன். “புண்ணியவதியா இரு” என்று பெரியம்மா கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்ததில் எனக்கு மகா பெருமை.

அத்தை வந்தாள். வாளியைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன், அந்தப் புண்ணியவதியையும் சேர்த்துத்தான். முதுகில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அவள் முகம் அப்படியே வடிந்துபோனது. அடித்திருக்கலாமே என்று இருந்தது.

“எந்தக் கோயிலு?”

“நம்ம சிவன் கோயிலு.”

புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அத்தை ஓட ஆரம்பித்தாள். கல்யாணம் நிச்சயமான பெண் பட்டப்பகலில் தெருவில் ஓடுகிறாள், பின்னால் நான் அழுதுகொண்டே ஓடுகிறேன். சைக்கிள்காரர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். யார் வீட்டில் என்ன ஆயிற்றோ என்று இரண்டு பேர் எங்களோடு கொஞ்ச தூரம் ஓடிக்கூட வந்தார்கள்.

கோயிலில் அபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. பால், தயிர், இளநீர் என்று நந்தியின் மேல் குடம் குடமாக விழுந்துகொண்டிருந்தது. நனைந்த மகரந்தம் எதற்கும் உதவாது என்று அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஐயோ சாமி, உனக்கு நாளைக்கு நூறு பூ தருகிறேன், இதை மட்டும் நனைக்காதே என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு அத்தை முன்னால் போய் குருக்களிடம் கேட்டாள். அவர் சலித்துக்கொண்டார்.

“அது ஊமத்தையே இல்லேம்மா! ஊமத்தைன்னா மேல பாக்கும், இது தலைகீழா தொங்கறது. என்ன ஏதுன்னு தெரியாத புஷ்பத்தை ஸ்வாமிக்கு எப்படிச் சாத்தறது? அதோ, தூணண்ட வெச்சிருக்கேன், எடுத்துண்டு போ.”

தூணோரத்தில், பெரியம்மாவின் பூக்குடலையில் அது வாடிக் கிடந்தது. லேசாகச் சிவந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் படவில்லை. ஊரில் பதினாலு வீடு ஏறி அளந்தவள் என் அத்தை. அளக்காமலே வேறு ஜாதி என்று கண்டுகொண்டவர் அந்தக் குருக்கள் ஒருவர்தான். பெரியம்மாவுக்கு மட்டும் அவர்மேல் கோபம், பிறகு எங்கள்மேலும் கோபம். ஒரு மாதம் படல் பக்கம் வரவில்லை.

வெளிச்சம் போவதற்குள் வீடு திரும்பினோம். அத்தை நூலை அவிழ்த்து, கோழி இறகின் நுனியால் மாவு போன்ற அந்த மகரந்தத்தைத் தொட்டு மூன்று பூவுக்கும் வைத்தாள். பத்து நாள் போனது. இரண்டு பிஞ்சு உதிர்ந்தது. ஒன்று உதிரவில்லை. பதினைந்தாம் நாளும் பச்சையாக நின்றது. அத்தை என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றியதில் இருவரும் வேலியில் போய் மோதினோம்.

காய் முற்ற ஆறு மாதம் ஆனது. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் அதை உடைத்து, தக்கைபோன்ற தோல் மூடிய விதைகளைத் தொட்டிகளில் ஊன்றினாள். நோட்டையும் டேப்பையும் என்னிடம் கொடுத்துவிட்டுக் காரைக்கால் போனாள். அழுதாள்தான், ஆனால் கல்யாணப் பெண்கள் அழுவது வழக்கம் என்பதால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்று செடி தேறியது. அடுத்த வருஷம் மாசியில் ஒன்று பூத்தது. நான் அளந்து காரைக்காலுக்குக் கார்டு எழுதினேன். நீளம் பதினொன்றரை அங்குலம். நுனி ஐந்து, ஐந்தும் சுருள். நேராகத் தொங்கவில்லை, கொஞ்சம் சாய்வு. முதல் நாள் மோர் நிறம், மறுநாள் கொய்யாப்பழத்தின் உள்பக்கம். வாசம் எலுமிச்சைத் தோல். பதில் ஒரே வரியில் வந்தது: “இன்னொரு தரம் பார்த்து எழுது.” என் அளவில் அவளுக்குச் சந்தேகம்! மறுபடி அளந்து எழுதினேன், அதே பதினொன்றரைதான். மறுபடியும் அதே வரி வந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். “எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே புறப்பட்டு வந்து பாருங்கள்” என்று எழுதி, அனுப்புகிறவர் இடத்தில் அப்பாவின் பெயரையும் விலாசத்தையும் கொட்டை எழுத்தில் போட்டு, பெட்டியில் சேர்த்துவிட்டேன்.

கல்யாணப் பந்தியில் யாரை முதலில் உட்காரச் சொல்லவில்லை என்பதில் அப்பாவுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் மனத்தாங்கல் என்பது எனக்குத் தெரியாது. பிறந்த வீட்டிலிருந்து அழைக்காமல் மருமகளை அனுப்புவதில்லை என்று அவர்களும், அவர்களாக அனுப்பட்டும் என்று அப்பாவும் ஒரு வருஷத்துக்கு மேலாக முறைத்துக்கொண்டிருந்ததும் தெரியாது. என் கார்டை அத்தை மாமியார் கையில் கொடுத்து, “எங்க வீட்டுலேர்ந்து வரச் சொல்லி எழுதியிருக்காங்க” என்று சொன்னதை மாமா பின்னால் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

நாலாம் நாள் அத்தையும் மாமாவும் வாழைத்தாரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அப்பா வாசலிலிருந்து இறங்கி வந்தார். பிறகு அத்தையின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அத்தை காலைக் கூடக் கழுவாமல் நேரே கொல்லைக்குப் போய், பூவின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் டேப்பைக் கேட்டாள். கொடுத்தேன். என் அளவைச் சரிபார்க்கத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறாள் என்ற கடுப்பில், அவள் பதினொன்றரை என்று சொல்கிற வரைக்கும் இடுப்பில் கை வைத்து முறைத்துக்கொண்டே நின்றேன்.