மஞ்சக்கரு ஆகாத அத்தான்

எங்க அத்தானை ஒரு நிமிஷம் சும்மா இருக்க வைக்க யாராலயும் முடியாது. லிஃப்ட் மெக்கானிக். வேலையில நிதானமான மனுஷன்தான். வீட்டுக்குள்ள வந்துட்டா போதும், நாடி பிடிச்சுப் பார்ப்பார், ஜன்னல் வரைக்கும் நடப்பார், மறுபடி நாடி பார்ப்பார். பார்க்கிற நமக்கே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்.

காரணம் இல்லாம இல்லை. அவங்கப்பா ஒருநாள் காலையில ரெண்டு முட்டை சாப்பிட்டுட்டுக் கை கழுவப் போனவர், அங்கேயே சரிஞ்சுட்டார். வயசு நாற்பத்தாறு. அத்தானுக்கு இப்போ நாற்பத்தஞ்சு. அப்பா போன அன்னையிலேர்ந்து மஞ்சக்கருன்னாலே அவருக்கு எமன். "உங்களுக்குச் சர்க்கரை இல்லை, கொழுப்பும் அளவாத்தான் இருக்கு, தினம் ஒரு முழு முட்டை தாராளமாச் சாப்பிடலாம்"னு டாக்டரே சொன்னார். நானும் கூடத்தான் இருந்தேன். செவிடன் காதுல ஊதின சங்கு! தினமும் வெள்ளைக்கரு மட்டும்தான்.

எங்க அக்காவுக்கோ எதையும் குப்பையில போடக் கை வராது. மிச்ச மஞ்சக்கருவைக் கிண்ணத்துல போட்டு, காஞ்சு போகாம மேல கொஞ்சம் தண்ணி ஊத்தி ஃபிரிட்ஜுல வைப்பா. மறுநாள் தண்ணியை வடிச்சு, பாலோட அடிச்சு, பிரெட்டை முக்கி வாட்டுவா. இன்னொரு நாள் கஸ்டர்ட் காய்ச்சுவா. "நல்லா மஞ்சளா இருக்கே"ன்னு அத்தான் கேட்டா, "கஸ்டர்ட் பவுடர்ங்க"ம்பா. நான் அவளை முறைப்பேன். அவ அடுப்பைத் துடைப்பா.

போன வாரம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எல்லாம் சரியா இருந்தது. அத்தான் அந்தக் காகிதத்தை ஆட்டிக்கிட்டே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். "பார்த்தியா, மஞ்சக்கருவை விட்டதோட பலன்! நாளையிலேர்ந்து பாப்பாவுக்கும் வெள்ளை மட்டும்தான்."

அவங்க பொண்ணு பாப்பா நோஞ்சான். எதைக் கொடுத்தாலும் தள்ளிவிடுவா, முட்டையில மஞ்சளை மட்டும் தோண்டித் தோண்டித் தின்பா. அக்காவுக்குப் பொறுக்கலை.

"எதை விட்டீங்க? வருஷம் பூரா மஞ்சக்கருவைத் தின்னதே நீங்கதான்! காலையில பிரெட்டை ஒரு பிடி பிடிச்சீங்களே, அதுல என்ன இருந்ததுன்னு நினைச்சீங்க? புள்ளை வயித்துல அடிக்காதீங்க!"

ஐயோ, வீடு ரெண்டாகப் போகுதுன்னு பாப்பாவை இழுத்து என்கிட்ட வச்சுக்கிட்டேன். அத்தான் கத்தலை. முகம் மட்டும் வெளிறிப்போச்சு.

"அப்படின்னா எங்கப்பா முட்டையால சாகலையா?"

"எனக்கெப்படிங்க தெரியும்?" அக்கா குரல் இறங்கிடுச்சு. "உங்கம்மாவுக்கே தெரியலையே."

"அப்போ நான் எதைடி விடணும்? எதை விட்டா அடுத்த வருஷம் நான் இருப்பேன்?"

அக்கா போய் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டா.